இலங்கையின் விமானப் படை: கொடுத்தவர் யார்? கொண்டது எதற்கு?

நெய்வேலி நகரியத்தை ஒட்டி ஓர் ஓடுதளம் இருக்கிறது. ஒரு காலத்தில் வாயுதூத் நிறுவனத்தின் சிறு விமானங்கள் அதில் வந்து இறங்கியதுண்டு. அங்கிருந்து ஒரு விமானம் கிளம்பி வடகிழக்கே நேராகப் பறந்தால் சென்னை ஏறத்தாழ 185 கிலோமீட்டர். அதே விமானம் தெற்கே திரும்பி, சற்றுக் கிழக்கே சாய்ந்து பறந்தால் யாழ்ப்பாணம் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து நிமிஷப் பயணம்கூட இல்லை. பூகோளப் படத்தில் இலங்கை அயல்நாடு. ஆகாய மார்க்கத்தில் அது அடுத்த வீடு.

அடுத்த வீட்டுக்காரர் தம் வீட்டில் என்ன வைத்திருக்கிறார், அதை எதற்கு வைத்திருக்கிறார் என்று அறிந்துகொள்வது வம்பு ஆகாது. அதிலும், லட்சக் கணக்கான வீடுகளுக்கு விளக்கேற்றும் மின் நிலையங்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஊருக்கு அது அவசியமான விஷயமே.

இலங்கை, பரப்பளவில் தமிழ்நாட்டில் சரிபாதி. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சிறிய நாடு விமானப் படை வைத்துக்கொண்டு யாரை எதிர்க்கப் போகிறது? வடக்கே இருப்பதோ இந்தியா. மற்ற மூன்று திசைகளிலும் மகா சமுத்திரம். அப்படியிருந்தும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் படை இருந்து வருகிறது, வளர்ந்தும் இருக்கிறது. அந்த வளர்ச்சி எப்படி நேர்ந்தது என்று பார்த்தால், சிறிய நாடுகளின் கதையே அதில் அடங்கியிருப்பது தெரியும்.

பிரிட்டிஷார் போட்ட பிள்ளையார் சுழி

சுதந்திரம் பெற்று மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1951ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி, இலங்கையின் விமானப் படை பிறந்தது. அன்று அதன் பெயர் ராயல் சிலோன் விமானப் படை. முதல் தளபதி கிரஹாம் பிளாடன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. முதல் விமானங்கள் சிப்மங்க் என்னும் பிரிட்டிஷ் பயிற்சி விமானங்கள். படை மட்டும் சொந்தம். பெயரும், தளபதியும், விமானமும் இரவல்!

1956ல் பண்டாரநாயகா பிரதம மந்திரியானார். அந்நியத் தளங்கள் இலங்கை மண்ணில் இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதன்படி 1957ல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயகா விமானத் தளத்தையும் பிரிட்டிஷார் ஒப்படைத்துவிட்டு வெளியேறினார்கள். அதே 1957ல்தான், மே மாதத்தில், பிரதமர் நேரு நெய்வேலிக்கு வந்து பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பாக் நீரிணையின் இருபுறமும் இரண்டு புதிய நாடுகள் தம் காலில் நிற்கப் பழகிய காலம் அது.

1959ல் ஜெட் புரோவோஸ்ட் என்ற பயிற்சி ஜெட்டுகளும் பிரிட்டனிலிருந்து வந்து சேர்ந்தன. ஆனால் சண்டை ஏதும் வரவில்லை. வெள்ளம் வந்தால் உணவு போடுவதும், அதிகாரிகளை ஏற்றிச் செல்வதும், விழாக்களில் பறந்து காட்டுவதுமாக அந்தப் படை அமைதியாகக் காலம் கழித்தது. ஜெட்டுகளை மூடிக் கட்டி வைத்துவிடும் அளவுக்கு அமைதி!

1971: ஒரே மாதத்தில் ஐந்து நாட்டு உதவி

அந்த அமைதி 1971 ஏப்ரலில் கலைந்தது. ஜனதா விமுக்தி பெரமுனாவைச் சேர்ந்த சிங்கள இளைஞர்கள் தென்னிலங்கையில் கிளர்ச்சி செய்து போலீஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். பிரதம மந்திரி சிறிமாவோ பண்டாரநாயகா பல திசைகளிலும் உதவி கேட்டார். மூடி வைத்திருந்த ஜெட்டுகள் அவசரமாக வெளியே எடுக்கப்பட்டன.

உதவிக்கு வந்தவர்களைப் பாருங்கள். இந்தியா ஹெலிகாப்டர்களை விமானிகளோடு அனுப்பியது. பாகிஸ்தானும் ஹெலிகாப்டர் அனுப்பியது. பிரிட்டனும் அமெரிக்காவும் கைகொடுத்தன. நெய்வேலியின் முதல் மின் நிலையத்துக்கு இயந்திரங்கள் தந்த அதே சோவியத் ருஷ்யா, மிக்-17 போர் விமானங்களை அனுப்பி வைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒன்றோடொன்று யுத்தம் செய்யப் போகிற இந்தியாவும் பாகிஸ்தானும், உலகை இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்த அமெரிக்காவும் ருஷ்யாவும், ஒரே சர்க்காரைக் காப்பாற்றப் போட்டி போட்டன!

கிளர்ச்சி அடங்கியது. அந்த அனுபவத்திலிருந்து இலங்கை ஆட்சியாளர் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டனர். தங்கள் விமானப் படைக்கு வேலை வரப்போவது வெளியிலிருந்து அல்ல, உள்நாட்டிலிருந்துதான் என்பது ஒன்று. கேட்கிற விதத்தில் கேட்டால் விமானம் கொடுக்க உலகில் ஆள் இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்த இரண்டுமே அடிப்படை.

1972ல் இலங்கை குடியரசானது. படையின் பெயரிலிருந்து 'ராயல்' போயிற்று. கையில் பணம் இல்லை. ஆகவே 'ஹெலிடூர்ஸ்' என்று பெயர் வைத்து, வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி ஊர் காட்டிச் சம்பாதித்தது விமானப் படை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். அந்த நாட்டின் விரலுக்கு அது பொருத்தமான வீக்கமாகவே இருந்தது.

விரல் அதுவே, வீக்கம் வேறு

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நிலைமை அடியோடு மாறியது. இனப்போர் வெடித்தது. விமானங்கள் வந்த வண்ணம் இருந்தன. இத்தாலியிலிருந்து மார்ச்செட்டி, அமெரிக்க ரகமான பெல் ஹெலிகாப்டர், சீனாவிலிருந்து ஒய்-12, ஒய்-8, பிறகு எப்-7 ஜெட், அர்ஜென்டினாவிலிருந்து புக்காரா, ருஷ்ய ரகமான எம்.ஐ.-24 ஹெலிகாப்டர், 1996ல் இஸ்ரேலின் கிபிர், 2000ல் ஆனையிறவு முகாம் வீழ்ந்ததும் உக்ரைனிலிருந்து மிக்-27.

சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று தெரியும். இயந்திரம் வாங்குவது ஒரு நாள் காரியம். அதை ஓட வைப்பது ஆயுள் காரியம். ஒரே தேசத்து இயந்திரமாக இருந்தாலே உதிரி பாகத்துக்கு ஆலாய்ப் பறக்க வேண்டும். இங்கோ ஏழெட்டுத் தேசத்து இயந்திரங்கள்! ஒவ்வொன்றுக்கும் தனி பாகம், தனி மெக்கானிக், தனிப் பயிற்சி. எந்த நெருக்கடியில் எந்த நாடு என்ன கொடுத்ததோ, கடனுக்கு எங்கே கிடைத்ததோ, அதெல்லாம் சேர்ந்ததுதான் இலங்கை விமானப் படை. சுரங்கத்தின் வெட்டுமுகத்தில் செம்மண், களிமண், மணல், கரி என்று அடுக்கடுக்காகத் தெரிவதுபோல, அந்தப் படையின் கொட்டகைகளில் நாற்பது ஆண்டு ராஜதந்திரம் அடுக்கடுக்காக நிற்கிறது.

இவ்வளவு விமானங்களும் பறந்தது எந்த வானத்தில்? குண்டு விழுந்தது யார் வீட்டில்? யாழ்ப்பாணத்துக் குழந்தைகள் பாடப் புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன்பே விமானங்களின் பெயரைக் கற்றார்கள். 'பொம்மர்' என்றார்கள், 'சியாமாச்செட்டி' என்றார்கள், 'கிபிர்' என்றார்கள். ஓசையைக் கேட்டே இன்ன விமானம் என்று சொல்லிப் பதுங்கு குழிக்குள் ஓடினார்கள். தமிழகத்து முகாம்களுக்கு வந்து சேர்ந்த அகதிகளிடம் இந்தக் கதையைக் கேட்காதவர் குறைவு.

1995 ஜூலை 9ஆம் தேதி நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2006 ஆகஸ்டு 14ஆம் தேதி செஞ்சோலையில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் இளம் பெண்கள், உயிரிழந்தனர். அவர்கள் பயிற்சி வகுப்புக்கு வந்திருந்த மாணவிகள் என்று தமிழர் தரப்பு கூறியது. அது புலிகளின் ராணுவப் பயிற்சி முகாம் என்று அரசாங்கம் கூறியது. எதிரி நாட்டு விமானம் ஒன்றைக்கூட எதிர்த்துப் போர் புரியாத ஒரு விமானப் படை, தன் நாட்டு எல்லைக்குள்ளேயே தன் குண்டுகள் அனைத்தையும் போட்டது என்பதே கசப்பான உண்மை.

பூமாலையும் அதன் பாடமும்

வெளிநாட்டு விமானம் இலங்கை வானில் அனுமதியின்றி நுழைந்த சம்பவமும் உண்டு. 1987 ஜூன் மாதம் யாழ்ப்பாணத்துக்கு உணவு ஏற்றிச் சென்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4ஆம் தேதி, ஏ.என்.-32 ரகத்தைச் சேர்ந்த ஐந்து இந்திய விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைவர, பெங்களூரிலிருந்து பறந்து சென்று யாழ்ப்பாணத்தின்மீது உணவும் மருந்தும் போட்டுத் திரும்பின. 'ஆபரேஷன் பூமாலை' என்று அதற்குப் பெயர்.

அதை மறிக்கக்கூடிய ஜெட் சண்டை விமானம் ஒன்றுகூட அன்று இலங்கையிடம் இல்லை. இருந்தாலும்தான் என்ன செய்திருக்க முடியும்? இருபது, முப்பது போர் விமானங்களை வாங்கி வைத்தாலும் பெரிய அண்டை நாட்டைத் தடுக்க முடியாது. சிறிய நாட்டுக்குப் பாதுகாப்பு அண்டை நாட்டோடு உள்ள உறவில் இருக்கிறதே தவிர, போர் விமானங்களில் இல்லை. அடுத்த மாதமே கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

மின் நிலையத்தின்மேல் விழுந்த குண்டு

2001 ஜூலை 24ஆம் தேதி அதிகாலையில் புலிகளின் தற்கொலைப் படையினர் கட்டுநாயகா தளத்துக்குள் புகுந்தனர். கிபிர், மிக், கே-8 என்று பல போர் விமானங்கள் தரையிலேயே எரிந்தன. பக்கத்திலேயே நின்ற பயணிகள் ஏர்பஸ் விமானங்களும் எரிந்தன. சுற்றுலாத் தொழில் படுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு முதன்முறையாக அந்த ஆண்டு இலங்கையின் பொருளாதாரமே சுருங்கியது. கோடி கோடியாகக் கொட்டி வாங்கிய விமானங்கள் எதிரியின் விமானத்தால் அழியவில்லை. வேலியைத் தாண்டி வந்த ஒரு சிறு கூட்டத்தால் அழிந்தன.

அடுத்தது இன்னும் விசித்திரம். 2007 மார்ச் 26ஆம் தேதி இரவு, செக் நாட்டில் செய்த ஸ்லின் ரகச் சிறு விமானங்கள் கட்டுநாயகாவின்மேல் குண்டு போட்டன. நாலு பேர் உட்காரக்கூடிய, பறக்கக் கற்றுக்கொள்வதற்கான விமானம் அது. மூன்று விமானப் படையினர் மாண்டனர். 2008 அக்டோபர் 28ஆம் தேதி அதே ரக விமானம் கொழும்பிலுள்ள களனிதிஸ்ஸ மின் நிலையத்தின்மேல் குண்டு போட்டுச் சேதம் விளைவித்தது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கிபிரும் மிக்கும் வைத்திருந்த நாடு, இரவில் தாழப் பறந்து வந்த அந்தச் சின்னஞ்சிறு விமானத்தைப் பிடிக்கத் திண்டாடியது. யானையைப் பிடிக்கும் வலையில் கொசு சிக்குமா?

நெய்வேலிவாசிகள் இங்கேதான் சற்று நின்று யோசிக்க வேண்டும். புலிகளின் ஓடுதளம் இருந்த இரணைமடுவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். அதே இரணைமடுவிலிருந்து நெய்வேலியும் ஏறத்தாழ அதே தூரம்தான்! புலிகளின் விமானம் இந்தியாவின் பக்கம் ஒருநாளும் திரும்பியதில்லை. அப்படித் திருப்ப அவர்கள் நினைத்ததாகச் சொல்லவும் ஆதாரம் இல்லை. ஆயினும் தூரம் தூரம்தான். கொழும்பு மின் நிலையத்தைச் சென்றடையக் கூடிய விமானம், இரவெல்லாம் விளக்குகள் ஒளிரும் நெய்வேலியையும் சென்றடையக் கூடியதே. இந்தியா இலங்கைக்கு ராடார் கருவிகள் கொடுத்ததன் காரணம் இதனால் விளங்கும். 2008 செப்டம்பரில் வவுனியா முகாம் தாக்கப்பட்டபோது அங்கே இருந்த இரண்டு இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் காயமடைந்ததும் நினைவிருக்கலாம். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அந்த அபாயமும் அன்றோடு போயிற்று. ஆனால், இந்த இரு கரைகளுக்கும் வானம் ஒன்றே என்ற பாடம் மட்டும் போகவில்லை.

தானமாக வந்த டார்னியர்

போர் முடிந்தபின் அத்தனை விமானங்களுக்கும் என்ன வேலை? மிக்-27 விமானங்கள் ஓய்வு பெற்றுவிட்டன. கிபிர் விமானங்கள் பழசாகிவிட்டன. அவற்றில் ஐந்தைப் புதுப்பிக்க 2021ல் ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு இஸ்ரேல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில், வாங்கிய வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று இலங்கை கையை விரித்தது. பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை நின்றது. ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. விளக்கெரிக்க எண்ணெய் வாங்க வழியில்லாத வீட்டில் வாளுக்குச் சாணை பிடித்த கதைதான்!

அந்த நெருக்கடி வேளையில், 2022 ஆகஸ்டு 15ஆம் தேதி, இந்தியக் கடற்படையின் டார்னியர்-228 விமானம் ஒன்று கட்டுநாயகாவில் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலைக் கண்காணிப்பது அதன் வேலை. வாயுதூத் ஓட்டிய விமானங்களில் டார்னியரும் ஒன்று. ஆதலால் பழைய ஆட்களுக்கு அது அந்நியப் பெயர் அல்ல. சரியாக மறுநாள், ஆகஸ்டு 16ஆம் தேதி, 'யுவான் வாங்-5' என்ற சீன ஆராய்ச்சிக் கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்து நங்கூரம் பாய்ச்சியது. இந்தியாவின் ஆட்சேபத்தை மீறி வந்த கப்பல் அது. ஓராண்டு கழித்து டார்னியர் பராமரிப்புக்காகத் திரும்பியபோது, அதன் இடத்துக்கு வேறொரு டார்னியரை இந்தியா அனுப்பியது. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அண்மையில் கடற்காவல் விமானங்கள் கொடுத்திருக்கின்றன. பயிற்சிக்கோ சீன விமானங்கள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. ஆனால் மாடு கொடுத்தவர்கள் நால்வரும் ஒருவருக்கொருவர் முறைத்துக்கொண்டிருந்தால், தொழுவக்காரர் பல்லைப் பார்க்காவிட்டாலும் கயிற்றையாவது பார்க்கத்தான் வேண்டும். கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

கேள்வி கொழும்புக்கு மட்டும் அல்ல. கடலுக்கு மேலே பறக்கும் கண்ணுக்குக் கள்ளக் கடத்தல் படகும் தெரியும், மீன்பிடி படகும் தெரியும். நாகப்பட்டினத்திலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் சென்று, எல்லை தாண்டியதாகக் கைதாகும் மீனவர்களின் கதை இன்னும் ஓயவில்லை. இந்தியா கொடுத்த விமானம் இந்திய மீனவரைக் காட்டிக்கொடுக்கும் கருவியாகுமா, அல்லது புயலில் சிக்கிய மீனவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவியாகுமா? விமானத்தோடு இதையும் பேசித் தீர்த்துக்கொள்வது டெல்லியின் பொறுப்பு.

புயல் காட்டிய வழி

2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த சுனாமி கடலூரையும் விடவில்லை, இலங்கையின் கிழக்குக் கரையையும் விடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைச் சின்னாபின்னமாக்கிவிட்டுத் தமிழகக் கரையை நோக்கி வந்தது. இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டில் மண் சரிந்து ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அப்போது அந்த ஜனங்களுக்குப் பயன்பட்டவை எவை? கிபிரா? எப்-7 ஜெட்டா? இல்லை. கூரைமேல் ஏறி நின்றவர்களைத் தூக்கி வந்தவை ஹெலிகாப்டர்கள். இலங்கை விமானப் படையின் ஹெலிகாப்டர்களோடு இந்திய ஹெலிகாப்டர்களும் 'சாகர் பந்து' என்ற பெயரில் தோளோடு தோள் நின்றன. நிவாரணப் பணியில் இருந்த பெல்-212 ஹெலிகாப்டர் ஒன்று லுணுவில என்ற இடத்தில் விழுந்து, அதன் விமானி உயிர் நீத்தார். சிங்களர், தமிழர், முஸ்லிம் என்று பார்த்து அவர் பறக்கவில்லை.

நவாலியில் குண்டு போட்டதும் அதே படைதான். வெள்ளத்தில் கயிறு இறக்கியதும் அதே படைதான். முன்னதை மறக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அதற்கு நியாயம் கேட்கும் குரல் இன்றும் ஓயவில்லை. பின்னதை மறைப்பதும் நேர்மை ஆகாது. வித்தியாசம் மனிதர்களிடத்தில் மட்டும் இல்லை. அவர்கள் கையில் கொடுத்த கருவியிலும், இட்ட கட்டளையிலும் இருக்கிறது. 2014 முதல் ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் இலங்கையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் பணி செய்தனவே, அதற்கும் குண்டுவீச்சு விமானம் தேவைப்படவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

சிறிய நாட்டுக்கு விமானப் படை வேண்டாம் என்பதல்ல வாதம். வேண்டும். கடலைப் பார்க்கக் கண் வேண்டும். வெள்ளத்தில் தூக்கக் கை வேண்டும். நோயாளியையும் மருந்தையும் ஏற்றிச் செல்லத் தோள் வேண்டும். இலங்கைக்குத் தேவையானவை கடற்காவல் விமானங்களும், ஹெலிகாப்டர்களும், சரக்கு விமானங்களும், ராடாரும். இரண்டு, மூன்று ரகங்களுக்கு மேல் வாங்காமல், அவற்றின் உதிரி பாகங்களுக்கு ஒழுங்கான ஏற்பாடு செய்துகொண்டால், செலவும் பாதியாகும், விபத்தும் குறையும்.

இந்தியா கொடுப்பதாக இருந்தால் இத்தகையவற்றையே கொடுக்க வேண்டும். குண்டு போடுகிறவற்றை அல்ல. டார்னியரும் ஹெலிகாப்டரும் இந்தியாவிலேயே, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலைகளில் தயாராகின்றன. பழுது பார்க்கும் வசதியும் அருகிலேயே இருக்கிறது. தூரத்து நாடுகளின் உதவியைவிட இது கைக்கு எட்டும் உதவி.

அடுத்த புயல் எந்த ஆண்டு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தால் அது திருகோணமலையைத் தொட்டுவிட்டுக் கடலூர்ப் பக்கம் வர ஒரு நாளோ இரண்டு நாளோதான் ஆகும். அந்த நாளில் அக்கரையில் எத்தனை ஹெலிகாப்டர் பறக்கும் நிலையில் இருக்கிறது என்ற கணக்கு, இக்கரைக்கும் வேண்டிய கணக்கே. மறுநாளே இங்கிருந்து அங்கேயோ, அங்கிருந்து இங்கேயோ உதவி கேட்க நேரலாம் அல்லவா?